மூன்று சென்ட் மனையில் ஒரு காய்கறித் தோட்டம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசியவர்கள் அனைவரும் பெரும் பொருள்களைப் பற்றிப் பேசினார்கள். உயர்கல்வி, இட ஒதுக்கீடு, போட்டித் தேர்வுகள், சட்டப் பாதுகாப்பு என்று அவர்கள் அடுக்கிய பொருள்களுக்குப் பின் எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு வீட்டுக் காய்கறித் தோட்டம். அழைப்பிதழைப் பார்த்த இளைஞர் ஒருவர், "ஐயா, மண்வெட்டியைக் கீழே வைப்பதற்காகத்தானே எங்களைப் படிக்க வைத்தார்கள், நீங்கள் அதையே மீண்டும் எங்கள் கையில் கொடுக்கப் பார்க்கிறீர்களே" என்று வாயிலிலேயே என்னைக் கேட்டுவிட்டார். கேட்டதில் தவறொன்றும் இல்லை. நம் வீடுகளில் மண்வெட்டிக்கு இருக்கும் வரலாறு அத்தகையது. விடியுமுன் அதைத் தோளில் வைத்துப் புறப்பட்ட நம் பாட்டனார்கள் ஒருவரும் தமக்காக ஒரு பிடி மண்ணை வெட்டியதில்லை. பிறர் வயலுக்கு வரப்பு வெட்டினார்கள். பிறர் கொல்லைக்குப் பாத்தி கட்டினார்கள். அந்தக் கருவியின் மீது இளைஞர்களுக்குக் கசப்பு இருப்பது இயல்பே.

ஆயினும் அவருக்கு நான் கூறிய மறுமொழியையே இங்கும் கூறுகிறேன். கசப்புக்குக் காரணம் மண்வெட்டியன்று. அது யாருடைய மண்ணில் இறங்கியது என்பதே. இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொண்டால்தான் நான் சொல்ல வந்த பொருளுக்குள் நுழைய முடியும். ஆதலின் சற்று வரலாறு பேச அனுமதிக்க வேண்டும்.

"கொல்லை" என்னும் சொல்லை நம் பகுதியில் இரண்டு பொருளில் வழங்குகிறோம். மானாவாரிப் புன்செய் நிலமும் கொல்லைதான். வீட்டின் பின்புறமும் கொல்லைதான். கடலைக் கொல்லை என்றால் வயல். கொல்லைக் கதவு என்றால் புழக்கடை. ஊரில் ஒருவருக்கு இவ்விரண்டு கொல்லைகளும் இருந்தன. சேரியில் இருந்தவர்களுக்கோ முதற்கொல்லை இல்லாதது மட்டுமன்று, இரண்டாவது கொல்லையும் உரிமையாக இல்லை. குடிசை நின்ற மனையே மிராசுதாரருடையது. அவர் போ என்றால் அன்று மாலையே மண்சுவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். நாளை இருப்போமா என்று தெரியாத மனையில் எவர் முருங்கை நடுவார்? ஆறு மாதம் கழித்துக் காய்க்கும் அவரைக்குப் பந்தல் போட எவருக்கு மனம் வரும்? நம் மக்கள் தோட்டம் போடத் தெரியாதவர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. ஊரிலுள்ள தோட்டங்களையெல்லாம் போட்ட கைகள் எவை என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்நிலையை அரசின் பார்வைக்கு எழுத்து வடிவில் கொண்டு சென்றவர்களுள் ஒருவர், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர். 1891-ஆம் ஆண்டு அவர் அனுப்பிய அறிக்கை, தம் மாவட்டத்துப் பறையர் மக்களுக்கு உழ நிலமில்லை என்பதோடு நில்லாமல், குடியிருக்கும் மனையும் அவர்களுடையதன்று என்பதையும், அந்த மனையைப் பிடித்துக்கொண்டே அவர்களைக் கட்டாய உழைப்பில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் விரிவாக எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியே வழங்கப்பட்டவைதாம் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று வழங்கும் நிலங்கள். பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கலாகாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறருக்கு மாற்றலாகாது என்பது அவற்றின் நிபந்தனை. அந்நிலங்கள் பின்னர் எவர் எவர் கைக்குப் போயின என்பது நீங்கள் அறிந்த துயரக் கதை. அதே செப்டம்பர் 30-இல்தான், நூற்றோராண்டுகள் கழித்து 1993-இல், தென்னார்க்காட்டிலிருந்து நம் விழுப்புரம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. தற்செயலான ஒற்றுமைதான், எனினும் நாளை நினைவில் வைத்துக் கொள்ள அது உதவும்.

குடியிருக்கும் மனையை அதில் குடியிருக்கும் உழவுத் தொழிலாளருக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971-ஆம் ஆண்டு. அதன் பிறகும் அதற்கு முன்னும் ஆதிதிராவிடர் நலத்துறையின் வழியாக இலவச மனைப்பட்டாக்கள் வழங்கப்பட்டன. ஊரகப் பகுதியில் பெரும்பாலும் மூன்று சென்ட். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் அந்த மூன்று சென்ட்டில் பிறந்தவர்கள். என் உரையின் தலைப்பிலுள்ள மூன்று சென்ட் அதுவே. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று மிகுதி. மூன்று சென்ட் 1,306 சதுர அடி. வீடு, கழிப்பறை, நடைபாதை, மாடோ ஆடோ கட்டும் இடம் இவை போக முந்நூறு, நானூறு சதுர அடி பல வீடுகளில் எஞ்சுகிறது. அதில் இன்று என்ன இருக்கிறது? உடைந்த ஓடு, பழைய தகரம், நெகிழிப் பை, இரண்டு ஊமத்தைச் செடி.

இவ்வளவு சிறிய இடத்தில் என்ன விளையும் என்று கேட்பீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1918-இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிலம் சிறிதா பெரிதா என்பதை அதன் பரப்பை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதன்மேல் செலவிடப்படும் உழைப்பும் முதலும் அதற்குப் பொருந்துகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும் என்பது அக்கட்டுரையின் வாதங்களுள் ஒன்று. அவர் பேசியது வேளாண் பொருளாதாரத்தைப் பற்றி. நான் பேசுவது கீரைப் பாத்தியைப் பற்றி. ஆயினும் கணக்கு பொருந்துகிறது. நாளொன்றுக்கு அரைமணி நேர உழைப்பும் நான்கு குடம் தண்ணீரும் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு நூறு, நூற்றைம்பது சதுர அடியே சரியான அளவு. அதற்கு மேல் கொத்தினால் பாதி காய்ந்து போகும்.

கடல் கடந்த ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் கறுப்பின அறிஞர் அமெரிக்க நாட்டில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். கல்வி கற்று அறிவியலாளராகி, 1896-இல் அலபாமா மாநிலத்து டஸ்கெகீ கல்வி நிலையத்தில் ஆசிரியரானார். அங்கே சுற்றிலும் இருந்த கறுப்பின மக்கள் நிலவுடைமையாளர்களின் வாரதாரர்கள். பருத்தியைத் தவிர வேறெதையும் பயிரிட நில உரிமையாளர் விடமாட்டார். வீட்டு வாயிற்படி வரைக்கும் பருத்திதான். உணவுப் பொருளைக் கடையில் கடனுக்கு வாங்க வேண்டும். கடனோ ஆண்டிறுதியில் தீராது. கார்வர் 1906-இல் ஒரு குதிரை வண்டியைப் பள்ளிக்கூடமாக மாற்றி, கருவிகளும் விதைகளும் ஏற்றி, ஊர் ஊராக அனுப்பச் செய்தார். வர இயலாத மக்களிடம் கல்வியே சென்றது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தட்டைப்பயறும் நிலக்கடலையும் பயிரிடுங்கள், பருத்தி உறிஞ்சிய மண்ணுக்கு அவை உரமூட்டும், உங்கள் பிள்ளைகளுக்கும் உணவாகும் என்பதே அந்த வண்டி சுமந்து சென்ற பாடம். நிலக்கடலையைப் பயிரிடும் முறையையும் அதை உணவாக்கும் 105 வழிகளையும் கூறும் சிறு நூலொன்றை 1916-இல் அவர் வெளியிட்டார்.

நிலக்கடலை என்றதும் திண்டிவனத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறேன். நம் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. வகைகளில் அந்த மூன்று எழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 இந்தியாவின் பல மாநிலங்களில் பயிராயிற்று. அக்கடலையைக் களையெடுத்தும் பிடுங்கியும் ஆய்ந்தும் கொடுத்த விரல்கள் நம் தாய்மாருடையவை. ஆனால் கடலைக்கும் பருப்புவகைகளுக்கும் வேர் முடிச்சுகள் உண்டு, அவற்றிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன என்னும் அறிவியலை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. படித்த நீங்கள் சொல்ல வேண்டும். பிடுங்கிய செடியின் வேரைக் காட்டிச் சொன்னால் ஐந்து நிமிடப் பாடம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். புதிதாகத் தொடங்குவோர் செய்யும் முதற்பிழை, உற்சாகத்தில் பத்து வகை விதைகளை ஒரே நாளில் வாங்கிப் போட்டுவிடுவது. முதலாண்டில் மூன்றே பயிர்கள் போதும் என்பது என் துணிபு: ஒரு கீரை, வெண்டை, ஒரு கொடி. இவற்றில் கைவந்த பிறகு கத்தரி, மிளகாய், தக்காளி என்று போகலாம். அவற்றுக்கு நாற்றங்கால் விட்டு 25 முதல் 40 நாள் வரை காத்துப் பிடுங்கி நட வேண்டும். பொறுமை அதிகம் வேண்டும், பூச்சியும் அதிகம்.

இடத்தைத் தேர்வு செய்வதற்கு முன், வீட்டின் நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுதும் பாருங்கள். ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் இடமே காய்கறிக்கு உகந்தது. பின்னர் மண்ணைப் பாருங்கள். நம் வட்டாரத்தில் பெரும்பாலும் செம்மண். மரக்காணம் பக்கம் மணலும் உவரும். செஞ்சிப் பக்கம் கல். ஆனால் காலனி மனைகளின் மண் பெரும்பாலும் எந்த வகையிலும் சேராதது. பள்ளத்தை மேடாக்கக் கொட்டிய செங்கல் துண்டும் சுண்ணாம்பும் கலந்து, பல்லாண்டு மிதிபட்டு இறுகிப்போன மண் அது. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் வற்றினால் நன்று. மறுநாள் காலை வரை தேங்கி நின்றால் அங்கே நேரடியாக விதைத்துப் பயனில்லை. கடப்பாரையால் இளக்கி, எருவும் மணலும் சேர்த்து மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும்.

பாத்தி மூன்றடி அகலத்தைத் தாண்டலாகாது. இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடு எட்ட வேண்டும். பாத்திக்குள் காலை வைத்து மிதிக்கலாகாது. நீளம் பத்தடி இருக்கட்டும். மழைக்காலத்தில் அது நிலமட்டத்திலிருந்து அரையடியாவது உயர்ந்திருக்க வேண்டும். கோடையிலோ கரையை உயர்த்தி உட்புறத்தைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். மேட்டுப்பாத்தியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழை. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் எந்தப் பாத்தியும் நில்லாதுதான். ஆயினும் ஆண்டுதோறும் வரும் சாதாரண அடைமழையில் தாழ்ந்த பாத்தியின் கீரை அழுகுவதும், மேட்டுப்பாத்தியின் கீரை பிழைப்பதும் கண்கூடு. ஆடியில் வெண்டையும் அவரையும் கொடிகளும், மழை ஓய்ந்த தையில் கத்தரியும் தக்காளியும் கீரைகளும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற முதுமொழி வயலுக்கு மட்டும் சொன்னதன்று.

எருவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மூன்றடிக்கு மூன்றடிக் குழியில் காய்கறித் தோல், சாணம், உதிர்ந்த சருகு, கடலைத் தோல், ஆட்டுப் புழுக்கை இவற்றை அடுக்கி, நடுநடுவே மண் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக் கொண்டால் மூன்று, நான்கு மாதங்களில் மக்கிவிடும். கையில் எடுத்து முகர்ந்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். சாண நாற்றம் வந்தால் இன்னும் மக்கவில்லை என்று பொருள். பச்சைச் சாணத்தை நேரடியாகப் போட்டால் செம்மண்ணில் கரையானை விருந்துக்கு அழைத்ததாகும். வேப்பம் பிண்ணாக்கு சிறிது சேர்த்தால் அதையும் ஓரளவு தடுக்கலாம்.

கீரையிலிருந்து தொடங்குங்கள் என்பதற்குக் காரணம், அது விரைவில் பயன் தந்து தொடங்கியவரின் மனத்தைத் தளரவிடாது. முளைக்கீரையோ சிறுகீரையோ விதைத்து மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையானால் வேரோடு பிடுங்காமல் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். விதை கடுகினும் சிறிது. அப்படியே வீசினால் ஓரிடத்தில் குவியும். ஒரு தேக்கரண்டி விதையை இரண்டு கை மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் இலேசாக அழுத்தி, பூவாளியால் தெளியுங்கள். பூவாளி இல்லையெனில் பழைய பிளாஸ்டிக் குடுவையின் மூடியில் ஊசியால் துளையிட்டால் போதும். எறும்பு விதையைச் சுமந்து சென்றுவிடும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காமல் நான்காகப் பகுத்து வாரத்துக்கு ஒரு பகுதியாக விதைத்தால், முதற்பகுதியைப் பிடுங்கும்போது நான்காம் பகுதி முளைத்திருக்கும். அதன் பின் வாரந்தோறும் வீட்டில் கீரை உண்டு.

வெண்டை விதையை ஓரிரவு ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஒரு பாத்தியில் இருபது செடி நிற்கும். ஒரு குடும்பத்துக்கு அது போதும். நாற்பத்தைந்து நாளில் காய் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே தீர வேண்டும்; விட்டால் முற்றி நாராகும், செடியும் காய்ப்பதை நிறுத்தும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. மருந்தடித்துப் பயனில்லை, அச்செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். தண்ணீர் குறைவான இடங்களில் வெண்டைக்குப் பதில் கொத்தவரை போடலாம். செம்மண்ணுக்கும் வறட்சிக்கும் அதைப்போல் ஈடுகொடுக்கும் காய் அரிது. பிள்ளைகள் அதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள் என்பது வேறு செய்தி.

கொடிக்கு ஒன்றரை அடிக் குழியெடுத்து, எருவிட்டு, நான்கு விதை ஊன்றி, முளைத்த பின் திடமான இரண்டை மட்டும் விடுங்கள். சுரை, பீர்க்கு, பாகல், புடல், அவரை எதுவாயினும் ஆகட்டும். இடமில்லை என்று எவரும் சொல்ல வேண்டா. கொடி கேட்பது தரையில் ஒரு சாண் இடம்தான், மற்றதை அது கூரையில் எடுத்துக் கொள்ளும். தகரக் கூரை சுட்டுவிடும். சிறிது கிளை, சுள்ளி பரப்பி அதன்மேல் ஏற்றுங்கள். முருங்கையைப் பொறுத்தவரை, பெரியகுளத்திலிருந்து 1989-இல் வெளியான பி.கே.எம்.1 வகை விதையிலேயே வந்து ஆறேழு மாதத்தில் காய்க்கும். காற்றில் ஒடியும் மரமாதலால் கூரையை ஒட்டி நடலாகாது. மழை மாதங்களில் கம்பளிப்பூச்சி அடையும். குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளியிருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி நான் சொல்லாவிட்டால் தாய்மார்கள் என்னை விடமாட்டார்கள். குடிக்கவே குழாயடியில் நிற்கிறோம், செடிக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. பொதுக் கிணறும் பொதுக் குளமும் பொதுப் பாதையும் எல்லோர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-இல். திண்டிவனத்துக்கு அடுத்த மதுராந்தகத்துப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் அவர். நூறாண்டு கடந்தும் பல இடங்களில் மேல்நிலைத் தொட்டியின் கடைசிக் குழாய் நம் தெருவில்தான் இருக்கிறது, வரும்போது வரும். அதற்காகப் போராடுவது ஒருபுறம் நடக்கட்டும். செடிக்கு வேண்டிய கணக்கு இது: கோடையில் பத்தடிப் பாத்தி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு குடம் தண்ணீர் தேவை. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், பாத்திரத்தை முதலில் அலசிய நீர் இவை ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடம் சேரும். சோப்புநீரைக் கீரைக்கு விடலாகாது. அதற்கென ஒரு வாழையும் கல்வாழையும் வையுங்கள். மண்ணின் மீது சருகு பரப்பி மூடினால் ஊற்றிய நீர் எளிதில் ஆவியாகாது.

அந்தத் தண்ணீரை எடுத்து ஊற்றுவது யார்? இதை ஆண்பிள்ளைகளைப் பார்த்தே கேட்கிறேன். காலையில் சமைத்து, களையெடுக்கப் போய், மாலையில் திரும்பும் தாயின் தலைமேல் தோட்டத்தையும் ஏற்றிவைப்பதானால் இந்தத் தோட்டமே வேண்டா. கல்லூரிக்குச் செல்லும் தம்பிமார்கள் காலை அரைமணியை அதற்குக் கொடுக்க வேண்டும்.

பூச்சிக்கு மருந்து என்றதும் வயலில் மீந்த மருந்துப் புட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. தயைகூர்ந்து அதை விட்டொழியுங்கள். பாத்தியில் அடித்து மறுநாள் பறித்துத் தின்னும் கீரைக்கு அது நஞ்சு. வீட்டு மாடத்தில் வைத்த புட்டி எத்தனை குடும்பங்களை அழவைத்திருக்கிறது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அரைக்கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவில் ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டர் நீராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளித்தால் அசுவினிக்கும் இலைதின்னும் புழுக்களுக்கும் போதும். ஆடும் கோழியும்தாம் பூச்சியைக் காட்டிலும் பெரிய பகை. வேலியோரம் நொச்சியும் ஆடாதொடையும் நடுங்கள். ஆடு தொடாத செடி என்பதை அதன் பெயரே சொல்கிறது. இருமலுக்கும் அதன் இலை மருந்து.

இத்தனையும் எதற்கு? 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் பாடம் ஏறவில்லை, பிள்ளை மந்தமாக இருக்கிறான் என்று ஆசிரியர் கூறும்போது, அவன் காலையில் என்ன உண்டான் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும். கல்விக் கழகத்தின் மேடையில் கீரையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை தருவது இந்தக் கேள்விதான். காயும் பழமும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராமாவது ஒருவர் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் அது எங்கே இருக்கிறது? கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையோ நெல்லியோ உடன் வேண்டும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கீரை உண்கிறோம் என்று நிறுத்திவிடலாகாது. நோயை மாத்திரையும் உணவும் சேர்ந்தே தீர்க்கும்.

நம் தாய்மார்களுக்குக் கீரையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. களையெடுக்கும்போதே பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி என்று மடியில் சேர்த்துக்கொண்டு வந்து குழம்பு வைத்தவர்கள் அவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது, அந்த மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்ன நிலக்காரர் ஒருவரை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். கீரைக்குள் கடலை இருக்கிறதா என்று பார்த்தாராம். இன்று களைக்கொல்லி வந்துவிட்டது. களையெடுக்கும் கூலியும் போயிற்று. கூடவே அந்தக் கீரையும் போயிற்று. கூலி போனதை நாம் பேசினோம். கீரை போனதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. முன் சொன்ன கார்வர் 1942-இல், தம் இறுதிக் காலத்தில், காட்டில் தானே முளைக்கும் உண்ணத்தக்க செடிகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நம் பாட்டிமார்களின் அறிவை அதுபோல் எழுதிவைக்கும் பணியை இக்கழகத்தின் மாணவர்கள் மேற்கொள்ளலாம். பெயர், அடையாளம், எப்போது கிடைக்கும், எப்படிச் சமைப்பது என்று ஒரு குறிப்பேடு. அவற்றுள் ஒன்றிரண்டின் வேரையோ விதையையோ கொண்டுவந்து பாத்தியோரம் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும். இத்தகைய தோட்டத்தைக் காட்டி, உங்களுக்கு நிலம் எதற்கு, கூலி உயர்வு எதற்கு என்று கேட்பவர்கள் வருவார்கள். பாத்தி நான்கு, நிலத்துக்கு ஈடாகாது. மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறிக்கும் தொழிலாளியாக இருந்த ஃபேனி லூ ஹேமர் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1962-இல் வாக்காளராகப் பதியச் சென்றார் என்பதற்காகவே, குடியிருந்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். வாக்குரிமைக்காகப் போராடிய அவரே, 1969-இல் நாற்பது ஏக்கர் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்குக் காய்கறி விளைவித்துக் கொடுத்தார். பசியைக் காட்டிப் பணியவைப்பதை நிறுத்த அதுவே வழி என்று அவர் கருதினார். வறட்சியும் வெள்ளமும் பணமின்மையும் சேர்ந்து அப்பண்ணை சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. ஆனால் வாக்குரிமையா, காய்கறியா என்ற கேள்வியை அவர் ஒருபோதும் எழுப்பவில்லை, இரண்டையும் கேட்டார். நாமும் கீரை விதைத்த கையோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லலாம். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் பஞ்சமி நிலம் என்று குறிக்கப்பட்ட புல எண்கள் எவை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் மனைப்பட்டா எவர் பெயரில் இருக்கிறது, நான்கெல்லை சரியாக உள்ளதா என்றும் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம்.

என் நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் மணியைப் பார்க்கிறார். பந்தலின் வாயிலில், இடப்பக்கத்து மேசையில் முளைக்கீரை, வெண்டை, பீர்க்கு விதைகள் பொட்டலமாக வைக்கப்பட்டுள்ளன; குடும்பத்துக்கு ஒன்று வீதம் எடுத்துச் செல்லுங்கள். பெயரையும் ஊரையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாற்பத்தைந்தாம் நாள் உங்கள் வெண்டை பூத்திருக்கிறதா என்று பார்க்க வருவேன். பீர்க்கில் இரண்டு காயை முற்றவிட்டு, அந்த விதையைக் கழகத்தில் கொண்டுவந்து கொடுப்பது இதற்கான விலை.